பனிமலையில் இறங்கிய விமானி: ஜெசி பிரௌன், தோமஸ் ஹட்னர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் தோட்டப் பாடசாலைகளில் கொரியப் போரைப் பற்றிப் பேசும்போது இரண்டு அமெரிக்கக் கடற்படை விமானிகளின் கதையைத் தவறாமல் சொல்லிவருகிறேன். ஒருவர் பிறர் நிலத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, பயிரிட்ட குடும்பத்தில் வளர்ந்த கறுப்பினத்தவர். மற்றவர் வசதியான வணிகக் குடும்பத்து வெள்ளையர். பொகவந்தலாவையிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் மாணவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவர்களுடைய அம்மாமார் கேட்பவை இன்னும் கூர்மையானவை. இரு தரப்புக்குமான விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

நடந்தது என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1950 டிசம்பர் 4. வட கொரியாவில் சோசின் நீர்த்தேக்கத்தை அடுத்த மலைகளுக்கு மேல் பறந்துகொண்டிருந்த ஜெசி பிரௌனின் விமானம் தரையிலிருந்து சுடப்பட்டு, பனி மூடிய சரிவொன்றில் விழுந்தது. அவர் உயிரோடு இருந்தார், ஆனால் நொறுங்கிய விமானத்தில் கால் சிக்கிக்கொண்டது. மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்த தோமஸ் ஹட்னர், தன் விமானத்தையும் வேண்டுமென்றே அதே சரிவில் மோதி இறக்கி, அவரை மீட்க ஓடினார். மீட்க முடியவில்லை. ஹட்னருக்கு அமெரிக்காவின் அதியுயர் வீர விருதான மெடல் ஒஃப் ஒனர் கிடைத்தது. பிரௌனுக்கு அவருடைய மறைவுக்குப் பின் டிஸ்டிங்குவிஷ்ட் ஃபிளையிங் குரொஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

பிரௌன் எந்த ஊர்? எப்படிப்பட்ட குடும்பம்?

1926 ஒக்டோபர் 13 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஹட்டிஸ்பர்க் நகரில் பிறந்தார். தாய் ஆசிரியை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் தந்தையின் வேலை போனபின், குடும்பம் லக்ஸ் என்ற ஊருக்குப் போய் வாரத்துக்குச் சோளமும் பருத்தியும் பயிரிட்டது. நிலம் உடைமையாளருடையது, உழைப்பு குடும்பத்துடையது. விளைச்சலில் ஒரு பெரும் பங்கு நிலக்காரருக்குப் போய்விடும். கடையில் கடனாக வாங்கிய மாவும் எண்ணெயும் அறுவடைக் கணக்கில் கழிக்கப்படும். கழித்தபின் பல குடும்பங்களுக்கு மிஞ்சியது அடுத்த ஆண்டுக்கான கடன்தான்.

எங்கள் முப்பாட்டன்மார் காலத்துத் துண்டு முறையைப் பற்றிக் கேள்விப்பட்ட எவருக்கும் இந்தக் கணக்கு விளங்கும். தொழிலாளி பட்ட கடன் துண்டில் எழுதப்படும். அந்தத் துண்டு தீராமல் அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது, புதிய தோட்டம் கடனோடு சேர்த்தே அவரை எடுத்துக்கொள்ளும். இலங்கையில் அது 1921 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. மிசிசிப்பியில் வாரக்கடன் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது.

பிரௌன் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் நடந்து, ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஆறு வயதில் தந்தையோடு ஒரு விமானக் கண்காட்சிக்குப் போய்வந்த நாளிலிருந்து பறப்பதே அவருடைய ஆசை. 1937 இல், பத்துப் பதினொரு வயதில், ஜனாதிபதி ரூஸ்வெல்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்: இராணுவ விமானப் பிரிவில் கறுப்பினத்தவரை ஏன் சேர்ப்பதில்லை? அவருடைய கருத்தை மதிப்பதாக வெள்ளை மாளிகையிலிருந்து பதிலும் வந்தது. மாணவர்களுக்கு இந்த இடத்தைச் சற்று நிறுத்தித்தான் சொல்வேன். வயலில் பருத்தி பறித்த கைதான் அந்தக் கடிதத்தை எழுதியது.

கறுப்பின விமானிகளே இல்லாத கடற்படையில் அவர் எப்படி விமானியானார்?

படித்து, உழைத்து, விடாமல் விண்ணப்பித்து. 1944 இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். செலவுக்காகப் பிற்பகல் தொடங்கி நள்ளிரவு வரை ரயில் பெட்டிகளில் சரக்கேற்றினார். கடற்படையின் விமானப் பயிற்சித் திட்டத்தைப் பற்றி அறிந்து விண்ணப்பித்தபோது பலர் தடுத்தார்கள், கேலி செய்தார்கள். பரீட்சைகளில் தேறினார். இல்லினோயிலும் அயோவாவிலும் தொடக்கப் பயிற்சி, பிறகு ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் பறக்கும் பயிற்சி. பயிற்சிக் காலத்தில் திருமணம் செய்யக் கூடாது என்பது விதி. 1947 இல் காதலி டெய்சியை இரகசியமாக மணந்துகொண்டார். வெளியே தெரிந்திருந்தால் எல்லாமே போயிருக்கும்.

1948 ஒக்டோபர் 21 அன்று அவருடைய மார்பில் விமானிச் சின்னம் குத்தப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் விமானப் பயிற்சியை முடித்த முதல் ஆபிரிக்க அமெரிக்கர் அவர். படைகளில் இனப் பாகுபாட்டை நீக்கும் ஆணையில் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டது அதே ஆண்டு ஜூலை 26 இல். ஆணை கடதாசியில் இருந்தது, அதை விமானத்தில் ஏற்றிக் காட்டியவர்களில் ஒருவர் பிரௌன்.

1948 என்றதும் மலையகத்தில் யாருக்கும் நெஞ்சு கனக்கும். பிரௌன் சின்னம் பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 15 இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, இந்தத் தோட்டங்களை உருவாக்கிய எங்கள் மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ஆனால் ஒரே மாரிகாலத்தில், உலகின் இரு மூலைகளில், ‘இந்த நாடு உனக்கும் உரியதா?’ என்ற கேள்விக்கு எழுதப்பட்ட இரண்டு விடைகள் அவை. பிரௌனுடைய மாநிலத்திலும் கறுப்பினத்தவர் பெரும்பாலோர் வாக்களிக்க முடியாத காலம் அது. தன்னை வாக்காளராக ஏற்காத மாநிலத்திலிருந்து வந்த ஒருவர் அந்த நாட்டுக்காகப் பறந்தார். இதை மாணவர்களிடம் நான் பெருமையாக மட்டும் சொல்வதில்லை, வலியோடும் சொல்கிறேன்.

கடற்படைக்கு எதற்கு விமானி?

விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறப்பதற்கு. பிரௌனும் ஹட்னரும் யு.எஸ்.எஸ். லேட்டி என்ற கப்பலில் 32 ஆவது போர் விமான அணியில் இருந்தார்கள். அவர்கள் ஓட்டியது கோர்சேயர். 18 சிலிண்டர் இயந்திரம், 4 மீற்றர் விட்டமுள்ள சுழலி. அவ்வளவு பெரிய சுழலி தரையில் இடிக்காதிருக்க, இறக்கைகள் உடம்பருகே கீழே வளைந்து பிறகு மேலே எழும்படி அமைக்கப்பட்டிருந்தன. மூக்கு மிக நீளம் என்பதால் விமானியால் நேரே முன்னால் இருப்பதைப் பார்க்க முடியாது. கப்பலில் இறங்கும்போது கடைசி வரை வளைந்தபடியே வருவார். தளத்தின் ஓரத்தில் இரு கைகளிலும் மட்டைகளோடு நிற்கும் அதிகாரி காட்டும் சைகைதான் அவருக்குக் கண். சைகை கிடைத்ததும் இயந்திரத்தின் வலுவைக் குறைத்து விழவேண்டும். வால் பக்கத்துக் கொக்கி, தளத்தில் குறுக்கே கட்டிய கம்பியொன்றைப் பிடித்தாக வேண்டும். இதையே அலையில் ஆடும் கப்பலில், குளிர்காலத்தில், போரிலிருந்து களைத்துத் திரும்பும்போது செய்ய வேண்டும். கடற்படை விமானியின் துணிச்சல் எதிரியைப் பார்ப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

அன்றைய நாளை விரிவாகச் சொல்லுங்கள்.

சோசின் பகுதியில் அமெரிக்க மரைன் படையினரும் அவர்களுடைய நேச நாட்டுப் படையினருமாகச் சுமார் 30,000 பேர், வட கொரியாவுக்குத் துணையாக வந்த ஏறத்தாழ 120,000 சீனப் படையினரால் சூழப்பட்டிருந்தார்கள். இரவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30 பாகை வரை இறங்கியது. நுவரெலியாவில் ஜனவரி அதிகாலையில் புல்லில் உறைபனி படிவதைப் பார்த்த பிள்ளைகள்கூட அந்தக் குளிரைக் கற்பனை செய்யத் திணறுவார்கள். உறைந்த மருந்துக் குழாய்களை வாயில் வைத்து உருக்க வேண்டியிருந்த குளிர் அது.

பிற்பகல் 1.38 க்கு ஆறு கோர்சேயர்கள் லேட்டியிலிருந்து கிளம்பின. வேலை, பின்வாங்கிவரும் மரைன்களுக்கு மேலிருந்து காவல் கொடுப்பது. பதவியில் ஹட்னர் மூத்தவர். ஆனால் அந்த விமானத்தில் அனுபவம் கூடியவர் பிரௌன் என்பதால் பிரௌன் முன்னே பறக்க, ஹட்னர் அவருக்குப் பக்கத்துணையாகப் பின்னே பறந்தார். பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள இது முக்கியம்.

2.40 மணியளவில், பிரௌனின் விமானத்திலிருந்து எரிபொருள் கசிவதாக இன்னொரு விமானி வானொலியில் எச்சரித்தார். பனியில் மறைந்திருந்த யாரோ ஒரு சிப்பாயின் துப்பாக்கிக் குண்டு பட்டிருக்க வேண்டும். பாராசூட்டில் குதிக்க உயரம் போதாது. மலைச்சரிவில் மரங்களுக்கிடையே கிண்ணம் போன்ற ஒரு வெளியைப் பிரௌன் தேர்ந்தெடுத்து, சக்கரங்களை விரிக்காமலே இறக்கினார். அடி பலமானது. விமானியின் அறை இருந்த இடத்தில் விமானம் மடிந்து, கருவிப் பலகைக்குக் கீழே அவருடைய கால் நசுங்கிக்கொண்டது.

மேலே வட்டமிட்டவர்கள் அவர் இறந்துவிட்டார் என்றே நினைத்தார்கள். பிறகு கண்ணாடி மூடி திறந்தது, கை அசைந்தது. மூக்குப் பகுதியிலிருந்து புகையும் வந்துகொண்டிருந்தது. மீட்பு ஹெலிகொப்டர் வர நேரமாகும், நெருப்பு அதற்குள் அவரை எட்டிவிடும்.

ஹட்னர் கட்டளைக்காகக் காத்திருக்கவில்லை. குண்டுகளையும் மேலதிக எரிபொருளையும் கழித்துவிட்டு, சக்கரங்களை உள்ளேயே வைத்தபடி, பிரௌனின் விமானத்துக்கு முடிந்தவரை அருகே மோதி இறங்கினார். அந்த மோதலில் அவருடைய முதுகும் அடிபட்டது. பனியில் ஓடிப்போய்ப் பார்த்தால், பிரௌனின் தலையில் தொப்பி இல்லை, கையுறை இல்லை, விரல்கள் விறைத்துப்போயிருந்தன. தன்னிடமிருந்த கம்பளித் தொப்பியைத் தலையில் மாட்டி, கழுத்துத் துணியால் கைகளைச் சுற்றினார். இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. வெறுங்கையால் பனியை அள்ளி அள்ளி நெருப்பின்மேல் அடைத்தார். தன் விமானத்துக்குத் திரும்ப ஓடி, வரும் ஹெலிகொப்டரில் கோடரியும் தீயணைப்பானும் வேண்டும் என்று வானொலியில் சொன்னார்.

மரைன் விமானி சார்ள்ஸ் வார்ட் தனியே அந்த ஹெலிகொப்டரைக் கொண்டுவந்து இறக்கினார். சிறிய தீயணைப்பானால் பயன் இல்லை. கோடரி விமானத்தின் உலோகத்தில் பட்டுத் தெறித்தது. முக்கால் மணி நேரம் இருவரும் போராடினார்கள். தன் காலை வெட்டியாவது எடுக்கும்படி பிரௌன் கேட்டார். கையில் இருந்தது கத்தி ஒன்றுதான். அவர் அழவில்லை, கத்தவில்லை. நினைவு மங்கும் முன், டெய்சியை நேசிக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள் என்றார்.

இருட்டத் தொடங்கியது. அந்த ஹெலிகொப்டரை இரவில் மலைகளுக்கிடையே ஓட்ட முடியாது. தங்கினால் மூவரும் உறைந்து சாவார்கள். திரும்பி வருவதாகப் பிரௌனிடம் சொல்லிவிட்டு ஹட்னர் ஏறினார். பிரௌன் அப்போது நினைவிழந்திருந்தார். 24 வயது. ஒரு மகள் இருந்தாள், வயது இரண்டுகூட ஆகவில்லை.

உடலை எடுக்கப் போனால் இன்னும் உயிர்கள் போகும் என்று மேலதிகாரிகள் அனுமதிக்கவில்லை. சில நாட்களில் அவருடைய தோழர்களே அந்த இடத்துக்கு மேலே பறந்து, வானொலியில் செபம் சொல்லியபடி, நேபாம் என்ற எரிகுண்டைப் போட்டு விமானத்தை எரித்தார்கள். அதுவே அவருக்குக் கிடைத்த இறுதிக் கிரியை.

காப்பாற்ற முடியவில்லையே, பிறகு ஏன் அதியுயர் விருது?

எல்லா வகுப்பிலும் வரும் கேள்வி இது. பரீட்சையில் புள்ளி கிடைத்தால்தான் படிப்பு, பறித்த கொழுந்தின் கிலோ நிறைந்தால்தான் முழுப் பெயர், அதாவது முழு நாள் சம்பளம், என்று வளரும் பிள்ளைகள் இப்படிக் கேட்பது இயல்பு. என் விடை உறுதியானது. பலன் தெரிந்த பிறகு அளப்பது வெற்றியை. இறங்குவதற்கு முந்திய அந்தச் சில நிமிடங்களில் ஹட்னருக்கு என்ன தெரியும் என்று பார்க்க வேண்டும். கீழே எதிரிப் படை இருப்பது தெரியும். இறங்கினால் தன் விமானம் மீண்டும் எழாது என்பது தெரியும். ஹெலிகொப்டர் வராவிட்டால் இரவுக்குள் உறைந்துவிடுவோம் என்பதும் தெரியும். இவ்வளவையும் தெரிந்துகொண்டு இறங்கினார். விருதுப் பத்திரமும் இதைத்தான் எடுத்துச் சொல்கிறது: கரடுமுரடான மலையில், உறையும் குளிரில், பிழைக்க நம்பிக்கை அரிது என்பதை முழுமையாக உணர்ந்தே அவர் இறங்கினார் என்று.

இன்னொன்றும் சொல்வேன். புகையும் விமானத்தில் சிக்கிச் சாகும் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்று, தலையில் தொப்பி மாட்டி, கையைச் சுற்றி, பேசிக்கொண்டிருந்தார். நினைவு இருந்தவரை பிரௌன் தனியாக இருக்கவில்லை. அதைப் பலனில்லை என்று எழுத என் கை வராது.

விமானத்தை வேண்டுமென்றே மோதியதற்குத் தண்டனை கிடைக்கவில்லையா?

இல்லை. அவருடைய கப்பற் தலைவரே விருதுக்குப் பரிந்துரைத்தார். 1951 ஏப்ரல் 13 அன்று வெள்ளை மாளிகையில் ட்ரூமன் அதை அணிவித்தபோது டெய்சியும் அங்கே நின்றார்.

இது ஒரு வெள்ளையர் கறுப்பினத்தவரைக் காப்பாற்றப் போன கதைதானே?

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கேட்டபோது மனம் நிறைந்தது. அப்படிச் சொல்லும் வழக்கம் உண்டு, அது நியாயமற்றது. அணியில் முன்னே பறந்தவர் பிரௌன், பின்தொடர்ந்தவர் ஹட்னர். எரிபொருள் ஒழுகும் விமானத்தை மரங்களுக்கிடையே உயிரோடு இறக்கியது பிரௌனுடைய திறமை. சாகும் தறுவாயிலும் பதற்றமின்றி இருந்து மற்ற இருவருக்கும் தெம்பு கொடுத்தவர் அவர். ஹட்னர் தன் வாழ்நாள் முழுவதும் அந்த அமைதியைப் பற்றித்தான் பேசிவந்தார். வார்ட்டையும் மறந்துவிடக் கூடாது, அவருடைய பெயர் பல இடங்களில் அடிக்குறிப்போடு முடிந்துவிடுகிறது. இந்தக் கதைக்கு மூன்று வீரர்கள்.

கீழே இருந்த கொரிய மக்கள்? சீனச் சிப்பாய்கள்? அவர்கள் மனிதர்கள் இல்லையா?

ஓர் அம்மா கேட்டது. மனிதர்கள்தான். அந்தப் போரில் இலட்சக்கணக்கான கொரியப் பொதுமக்கள் மாண்டார்கள். வானிலிருந்து விழுந்த குண்டுகளும் நேபாமும் ஊர் ஊராக எரித்தன. சீனச் சிப்பாய்களில் பலர் மெல்லிய துணிச் சப்பாத்தோடு அந்தப் பனியில் நிறுத்தப்பட்ட விவசாயப் பிள்ளைகள், குண்டு படாமலே உறைந்து இறந்தவர்களும் உண்டு. பிரௌனும் ஹட்னரும் அந்தப் போரின் ஒரு பக்கத்துப் போர்வீரர்கள், அதை மறைக்க மாட்டேன். அவர்களுடைய துணிச்சலைச் சொல்லும்போது போரைப் புகழ வேண்டியதில்லை. முப்பதாண்டு யுத்தத்தைப் பார்த்த நாட்டில் இருந்துகொண்டு போரைப் புகழ யாருக்கு மனம் வரும்?

அந்தப் போருக்கும் எங்கள் மலைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, சந்தை வழியாக. கொரியப் போர் தொடங்கியதும் உலகச் சந்தையில் இறப்பர் விலை ஏறி இலங்கைக்குப் பெரும் வருமானம் வந்தது, பிறகு விலை சரிந்தது. அரிசியும் தட்டுப்பாடானது. 1952 இல் இலங்கை சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய எங்கள் மக்களின் உழைப்பு சீனாவுக்குப் போய் அரிசியாகத் திரும்பியது.

மலையில் விழுந்த விமானத்தை எட்டுவது அவ்வளவு கடினமா?

மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். 1974 டிசம்பர் 4 அன்று, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு கொழும்பில் இறங்க வந்த மார்ட்டினெயார் விமானம் ஏழு கன்னி மலையில் மோதி, அதில் இருந்த 191 பேரும் இறந்தார்கள். நாள்காட்டியில் பிரௌன் இறந்த அதே தேதி. இருட்டில் அந்த மலையின் செங்குத்தான காட்டில் ஏறியவர்களின் பாடு என்னவென்று இந்தப் பகுதி மக்களுக்குத் தெரியும்.

பிரௌனின் உடல் பின்னர் கிடைத்ததா?

இல்லை. ஹட்னர் 2013 ஜூலையில், 88 வயதில், வட கொரியாவுக்கே போனார், திரும்பி வருவதாகச் சொன்ன சொல்லுக்காக. மழைவெள்ளத்தால் அந்த இடத்துக்குப் போக முடியவில்லை, பின்னர் வரும்படி அதிகாரிகள் சொன்னார்கள். 2017 நவம்பரில் அவர் காலமானார். பிரௌனின் பெயரில் ஒரு கடற்படைக் கப்பல் 1973 இல் சேவைக்கு வந்தது. ஹட்னரின் பெயர் கொண்ட கப்பல் 2018 இல் வந்தது.

எங்கள் பிள்ளைகளும் விமானியாக முடியுமா?

முடியும். விமானப்படையாயினும் தனியார் விமானசேவையாயினும் முதலில் கேட்பது கணிதமும் ஆங்கிலமும் நல்ல கண்பார்வையும். விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி திருகோணமலைச் சீனன்குடாவில் இருக்கிறது. தடை வேறிடத்தில்: தோட்டப் பகுதிப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரக் கணிதப் பிரிவே இல்லை, இருக்கும் இடத்தில் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் மூன்று குடும்பத்துச் சத்தத்துக்கு நடுவே படிக்கும் பிள்ளையை, ஹட்டனுக்கோ பதுளைக்கோ அனுப்பப் பஸ் காசு தேடும் தாயை எனக்குத் தெரியும். பிரௌனும் பள்ளியில் கணிதத்தில்தான் முன்னே நின்றார். உங்கள் பிள்ளைக்குக் கணிதம் வருகிறது என்றால் சாதாரண தரப் பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தரம் 9 இலேயே கணித ஆசிரியரிடம் பேசுங்கள், எந்தப் பாடசாலையில் கணிதப் பிரிவு இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள், உங்கள் பாடசாலையில் அதைத் தொடங்கும்படி பெற்றோர் சேர்ந்து எழுத்தில் விண்ணப்பியுங்கள்.